கழுத்து முறிந்தும் கோலைக் காத்த வீரர்

லண்டன் வெம்பிளி மைதானத்தில் அன்று ஒரு லட்சம் பேர் கூடியிருந்தார்கள். 1956-ம் ஆண்டு, மே மாதம் 5-ந் தேதி. இங்கிலாந்துக் கால்பந்துக் கோப்பையின் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தது.

மான்செஸ்டர் சிட்டி அணியின் கோல் கீப்பர் திடீரென்று கீழே சாய்ந்தார். எதிர் அணி வீரர் ஒருவரின் முழங்கால் அவருடைய கழுத்தில் இடித்துவிட்டது. சற்று நேரம் அவருக்கு நினைவே இல்லை.

பிறகு எழுந்தார். தள்ளாடினார். கண் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டார். ஆட்டம் முடியும் வரை அவர் வெளியேறவில்லை.

அவருடைய கழுத்து எலும்பு முறிந்துவிட்டது. அது அவருக்கும் தெரியாது. பார்த்த ஒரு லட்சம் பேருக்கும் தெரியாது.

அவர் பெயர் பெர்ட் டிராட்மன். அவர் ஒரு ஜெர்மானியர். அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு வரை இங்கிலாந்துக்கு எதிராகத் துப்பாக்கி பிடித்து நின்றவர். கைதியாக வந்த நாட்டிலேயே அவர் மக்களின் அன்பைப் பெற்றது எப்படி?

பிரெமன் நகரத்துப் பையன்

ஜெர்மனியின் துறைமுக நகரங்களில் ஒன்று பிரெமன். அங்கே 1923-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி டிராட்மன் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் பெர்ன்ஹார்ட்.

தந்தை துறைமுகத்தை அடுத்த உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அப்போது ஜெர்மனியில் கடுமையான பஞ்சம். எங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். குடும்பம் தன் வீட்டை விற்றுவிட்டு, தொழிலாளர்கள் வாழும் பகுதியில் சிறிய வீட்டுக்குக் குடிபோயிற்று.

பையனுக்குப் படிப்பைவிட விளையாட்டில்தான் ஆசை. கால்பந்து ஆடினான். கையால் எறிந்து ஆடும் கைப்பந்தும் ஆடினான். அந்தக் கைப்பந்துப் பழக்கம் பின்னாளில் பெரிதாக உதவப் போகிறது என்பதை அப்போது யார் கண்டார்கள்?

1933-ம் ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். சிறுவர்களை எல்லாம் தம் கட்சியின் இளைஞர் படையில் சேர்த்தார். சிறுவன் டிராட்மனும் சேர்ந்தான். அணிவகுப்பு, ஓட்டம், விளையாட்டு, பாட்டு. அவற்றோடு சேர்த்து வெறுப்பையும் ஊட்டினார்கள். யூதர்கள் பகைவர்கள் என்று பிஞ்சு மனத்தில் எழுதினார்கள். எதிர்த்துக் கேட்கும் வயது அது அல்ல.

காட்டில் கண்ட கொடுமை

பள்ளியை விட்ட பிறகு டிராட்மன் மோட்டார் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டார். 1941-ம் ஆண்டு தாமாகவே முன்வந்து விமானப் படையில் சேர்ந்தார். அப்போது வயது 17. பிறகு பாராசூட் படைக்கு மாற்றப்பட்டார். ரஷியப் போர் முனைக்கு அனுப்பப்பட்டார்.

மூன்று ஆண்டுகள் அங்கே போரிட்டார். ஐந்து பதக்கங்கள் பெற்றார். ஜெர்மனியின் புகழ்பெற்ற இரும்புச் சிலுவைப் பதக்கமும் அவற்றில் ஒன்று.

ஆனால் உக்ரைன் நாட்டுக் காடு ஒன்றில் அவர் கண்ட காட்சியை எந்தப் பதக்கத்தாலும் மறைக்க முடியவில்லை. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோரையும் பள்ளத்தின் ஓரத்தில் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். சுட்டவர்கள் அவருடைய நாட்டினர். மறைந்திருந்து பார்த்த டிராட்மன், யார் கண்ணிலும் படாமல் தவழ்ந்து தப்பினார். அந்தக் காட்சி தம்மை விட்டு நீங்கவே இல்லை என்று முதுமையில் அவர் சொன்னார்.

பகைவர் கொடுத்த டீ

1944-ல் அவர் பிரான்ஸ் முனைக்கு அனுப்பப்பட்டார். ஜெர்மனி தோற்றுக்கொண்டே வந்தது. அவருடைய படைப் பிரிவு சிதறிப்போயிற்று. கூட இருந்தவர்களில் மிகச் சிலரே உயிருடன் மிஞ்சினார்கள்.

1945-ல் ஊரைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். வழியில் நேச நாட்டுச் சிப்பாய்கள் இருவர் கையில் சிக்கினார். அவர்கள் சுட்டுவிடுவார்கள் என்று பயந்து ஓட்டம் பிடித்தார். ஒரு வேலியைத் தாண்டிக் குதித்தார். குதித்த இடம் எது? ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் காலடி!

உயிர் போயிற்று என்றுதான் நினைத்தார். ஆனால் அந்தச் சிப்பாய் சுடவில்லை. சிரித்துக்கொண்டே, ஒரு கோப்பை டீ சாப்பிடுகிறாயா என்று கேட்டார்.

டிராட்மனின் போர் அதோடு முடிந்தது.

கைதி கோல் கீப்பர் ஆனார்

கைதிகள் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஹிட்லரின் யூத வதை முகாம்களைப் பற்றிய படங்களைக் கைதிகளுக்குத் திரையிட்டுக் காட்டினார்கள். டிராட்மனுக்கு முகாமில் கார் ஓட்டும் வேலை கிடைத்தது. யாருக்கு? யூத ராணுவத்தினர் ஒருவருக்கு. பகைவர் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட மனிதருடன் தினமும் பேசிப் பழக வேண்டியதாயிற்று. பழகப் பழக, சிறு வயதில் படித்த பாடம் பொய் என்று புரிந்தது. தமக்கு உண்மையான கல்வி இங்கிலாந்தில்தான் தொடங்கியது என்று பிற்காலத்தில் அவர் சொல்வதுண்டு.

கடைசியாக லங்காஷயர் பகுதியில் உள்ள ஆஷ்டன் முகாமுக்கு வந்தார். கைதிகள் பொழுதுபோக்காகக் கால்பந்து ஆடினார்கள். ஒரு பந்தயத்தில் டிராட்மனுக்குக் காலில் அடிபட்டது. ஓட முடியவில்லை. கோல் கீப்பரும் அவரும் இடம் மாற்றிக்கொண்டார்கள்.

கால்பந்தில் ஓர் அணிக்கு 11 பேர். அவர்களில் கோல் கீப்பர் ஒருவர் மட்டுமே ஆட்டத்தின்போது பந்தைக் கையால் பிடிக்கலாம். அவர் காக்க வேண்டிய வாசலின் அகலம் 24 அடி. உயரம் 8 அடி. குறி பார்த்து வரும் பந்தைத் தாவிப் பிடிக்க வேண்டும். பாராசூட் வீரருக்கு விழுவதும் புரள்வதும் புதிதல்லவே! அன்றிலிருந்து அந்த இடமே அவருக்குச் சொந்தமாகிவிட்டது.

பெர்ன்ஹார்ட் என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் நுழையவில்லை. பெர்ட் என்று சுருக்கினார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

1948-ல் கைதிகளுக்கு விடுதலை கிடைத்தது. விரும்பினால் ஊருக்குத் திரும்பலாம். டிராட்மன் திரும்பவில்லை. முதலில் பண்ணை வேலை. பிறகு, வெடிக்காமல் புதைந்து கிடந்த ஜெர்மன் குண்டுகளை அகற்றும் வேலை. தம் நாட்டார் போட்ட குண்டுகளைத் தாமே தோண்டி எடுத்தார்!

ஓய்வு நேரத்தில் செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்ற சிறிய சங்கத்துக்கு ஆடினார். அவரைப் பார்ப்பதற்காகவே கூட்டம் பெருகியது. ஒரு பந்தயத்துக்குச் சுமார் 9 ஆயிரம் பேர் வந்தார்கள். ஊரைப் பார்க்க அவர் முதல் முறை ஜெர்மனிக்குப் புறப்பட்டபோது, ரசிகர்கள் உணவுப் பொருள்கள் நிறைந்த ஒரு பெட்டியும் பணமும் கொடுத்து அனுப்பினார்கள். இங்கிலாந்திலேயே உணவுக்கு ரேஷன் இருந்த காலம் அது.

அந்தச் சங்கத்தின் காரியதரிசிக்கு ஒரு மகள். பெயர் மார்கரெட். 1950-ல் அவரை டிராட்மன் மணந்தார்.

20 ஆயிரம் பேர் எதிர்ப்பு

1949-ம் ஆண்டு அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டி சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அது நாடறிந்த பெரிய சங்கம். ஃபிராங்க் சுவிஃப்ட் என்ற மாபெரும் கோல் கீப்பர் ஓய்வு பெற்ற இடத்துக்கு ஒரு ஜெர்மானியர்!

மான்செஸ்டர் நகரம் கொதித்து எழுந்தது.

எழாமல் இருக்குமா? ஜெர்மன் விமானங்கள் அந்த நகரத்தின் மீது குண்டு மழை பொழிந்து ஒன்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. மகனை இழந்த தாய்மார்கள் இருந்தார்கள். கணவனை இழந்த பெண்கள் இருந்தார்கள். யூத மக்களும் அங்கே ஏராளம். சுமார் 20 ஆயிரம் பேர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சங்கத்துக்குக் கண்டனக் கடிதங்கள் குவிந்தன.

அணியின் தலைவர் எரிக் வெஸ்ட்வுட். பிரான்சில் நார்மண்டி கடற்கரையில் ஜெர்மானியரோடு போரிட்டவர். முதல் நாளே டிராட்மனை எல்லோர் முன்னிலையிலும் வரவேற்றார். இந்த அறைக்குள் யுத்தம் கிடையாது என்று சொல்லிக் கை கொடுத்தார்.

மதகுருவின் கடிதம்

ஆனால் நகரத்தின் கோபத்தை யார் தணிப்பது?

தணித்தவர் ஒரு யூத மதகுரு. பெயர் டாக்டர் அலெக்சாண்டர் ஆல்ட்மன். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1938-ல் ஜெர்மனியிலிருந்து வந்தவர். அவருடைய தந்தையும் தாயும் தப்பவில்லை. ஆஷ்விட்ஸ் வதை முகாமில் கொல்லப்பட்டார்கள்.

டிராட்மனை வெறுக்க அந்த நகரத்தில் அவரைவிட உரிமை உள்ளவர் யார்?

அப்படிப்பட்டவர் பத்திரிகைக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஒரு நாடு செய்த பாவத்துக்காக ஒரு தனி மனிதனைத் தண்டிப்பது நியாயம் ஆகாது. இந்த இளைஞனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்பது அதன் சாரம்.

கடிதத்தைப் படித்தவர்கள் யோசித்தார்கள். எதிர்ப்பு மெல்ல மெல்ல அடங்கியது. அந்த உதவியை டிராட்மன் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

எழுந்து நின்ற லண்டன்

1949 நவம்பர் 19-ந் தேதி முதல் பந்தயம். வெளியூர்களில் வசை தொடர்ந்தது. அவர் காது கேட்கும்படியே திட்டினார்கள்.

1950 ஜனவரியில் லண்டனில் ஃபுல்ஹாம் அணியோடு பந்தயம். லண்டன் நகரம் குண்டுவீச்சில் மிகவும் அடிபட்ட ஊர். மைதானத்தில் இரைச்சல் காதைப் பிளந்தது.

டிராட்மன் ஒன்றும் பேசவில்லை. பந்தைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே இருந்தார். மான்செஸ்டர் சிட்டி படுதோல்வி அடையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில்தான் தோற்றது.

ஆட்டம் முடிந்தது. கூட்டம் எழுந்து நின்றது. கைதட்டல் மைதானத்தை அதிரவைத்தது. இரண்டு அணி வீரர்களும் இருபுறமும் வரிசையாக நின்று வழிவிட்டார்கள். நடுவே தலை குனிந்து நடந்து போனார் டிராட்மன்.

கையால் எறிந்த பந்து

அந்தக் காலத்தில் கோல் கீப்பர்கள் பந்தைப் பிடித்ததும் உயர உதைத்து அனுப்புவார்கள். அது எதிரியின் காலுக்கும் போகலாம். டிராட்மன் கையால் எறிந்தார். சிறு வயதில் ஆடிய கைப்பந்து இப்போது கைகொடுத்தது. தூரத்தில் நிற்கும் தம் அணி வீரரின் காலடியில் பந்து போய் விழும். அங்கிருந்தே அணியின் தாக்குதல் தொடங்கும். மான்செஸ்டர் சிட்டியின் ஆட்ட முறையே இதனால் மாறியது.

பெனால்டி உதையைத் தடுப்பதிலும் அவர் கெட்டிக்காரர். 36 அடி தூரத்திலிருந்து எதிரி ஒருவர் தனியாக உதைப்பார். அதைத் தடுப்பது குதிரைக் கொம்பு. டிராட்மன் பலமுறை தடுத்துக் காட்டினார்.

1952-ல் ஜெர்மனியின் ஷால்கே சங்கம் 1,000 பவுன் தந்து அவரை அழைத்துக்கொள்ள விரும்பியது. அவர் அதைப்போல் இருபது மடங்கு பெறுவார் என்று மான்செஸ்டர் சிட்டி மறுத்துவிட்டது.

1955-ல் கோப்பை இறுதிப் போட்டிக்கு அணி வந்தது. நியூகாசில் அணியிடம் 3-1 என்று தோற்றது. 1956-ல் மறுபடியும் இறுதிப் போட்டிக்கு வந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, அந்த ஆண்டின் சிறந்த கால்பந்து வீரர் என்று விளையாட்டு நிருபர்கள் டிராட்மனைத் தேர்ந்தெடுத்தார்கள். கோல் கீப்பர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை.

கடைசி 17 நிமிடம்

இறுதிப் போட்டியில் எதிரி பர்மிங்ஹாம் சிட்டி. மான்செஸ்டர் 3-1 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடிய இன்னும் சுமார் 17 நிமிடம்.

பர்மிங்ஹாம் வீரர் பீட்டர் மர்பி பந்தோடு பாய்ந்து வந்தார். டிராட்மன் அவர் காலடியில் விழுந்து பந்தைப் பிடித்தார். அப்போதுதான் மர்பியின் முழங்கால் கழுத்தில் மோதியது. வேண்டுமென்று செய்ததல்ல. ஓடி வந்த வேகம்.

இந்தக் காலத்தில் என்றால் உடனே மாற்று ஆட்டக்காரரை இறக்குவார்கள். அப்போது அந்த வசதி கிடையாது. அவர் வெளியேறினால் பத்துப் பேர்தான் ஆட வேண்டும். கோலைக் காக்க வேறு யாராவது நிற்க வேண்டும்.

டிராட்மன் வெளியேறவில்லை. கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டே நின்றார். மீண்டும் பந்து வந்தது. மீண்டும் தாவினார். பர்மிங்ஹாம் அதன்பிறகு ஒரு கோல்கூடப் போடவில்லை. கோப்பை மான்செஸ்டருக்குக் கிடைத்தது.

பதக்கம் வாங்கப் படியேறிப் போனபோது, அவருடைய கழுத்து கோணலாக இருப்பதை ராணியின் கணவர் பிலிப் இளவரசர் கவனித்துவிட்டார். அன்று இரவு விருந்துக்கும் டிராட்மன் போனார். தலையைத் திருப்ப முடியவில்லை.

லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் கழுத்துச் சுளுக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். வலி குறையவில்லை. சில நாள் கழித்து மான்செஸ்டரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டர்கள் திகைத்தார்கள்.

கழுத்து எலும்புகள் ஐந்து இடம் பெயர்ந்திருந்தன. இரண்டாவது எலும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்றாவது எலும்பு அதன்மேல் ஆப்பு வைத்ததுபோல் சிக்கிக்கொண்டு நகரவிடாமல் தடுத்திருந்தது. அது கொஞ்சம் விலகியிருந்தால் உயிரே போயிருக்கும்.

அதைவிடப் பெரிய அடி

கழுத்தில் கட்டுடன் படுத்திருந்தவருக்கு, சில வாரங்களில் அதைவிடப் பெரிய அடி விழுந்தது. அவருடைய மூத்த மகன், ஐந்து வயதுக் குழந்தை, கார் மோதி இறந்துபோனான்.

நாடே கொண்டாடிய வீரரின் வீடு இருண்டது. அந்தத் துயரத்திலிருந்து தாய் மீளவே இல்லை. கணவன் மனைவிக்கு இடையே விழுந்த விரிசல் ஆறவில்லை. 1972-ல் அவர்கள் பிரிந்தார்கள்.

டிராட்மன் அந்த 1956-ம் ஆண்டு டிசம்பரிலேயே மைதானத்துக்குத் திரும்பினார். தொடக்கத்தில் பழைய வேகம் இல்லை. விலகிவிடலாம் என்றுகூட நினைத்தார். ஆனாலும் விடாமல் பயிற்சி செய்து பழைய நிலைக்கு வந்தார். 1964 வரை மான்செஸ்டர் சிட்டிக்காக 545 பந்தயங்கள் ஆடினார்.

1964 ஏப்ரலில் பிரிவு உபசாரப் பந்தயம். 47 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். 1949-ல் அவர் வேண்டாம் என்று திரண்ட அதே நகரம்!

ஒரு குறை மட்டும் கடைசி வரை இருந்தது. ஜெர்மன் தேசிய அணியில் அவர் ஒருமுறைகூட ஆடவில்லை. வெளிநாட்டில் ஆடுகிறவர்களைப் பயிற்சியாளர் ஹெர்பெர்கர் சேர்ப்பதில்லை. 1954-ல் ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றபோதும் டிராட்மன் தூரத்திலேயே இருந்தார்.

பயிற்சியாளர்

 1965-ல் ஸ்டாக்போர்ட் கவுன்டி என்ற சிறிய சங்கத்தின் மேலாளர் ஆனார். சங்கத்தில் பணம் இல்லை. பக்கத்திலேயே மான்செஸ்டர். சனிக்கிழமைகளில் மக்கள் எல்லாம் அங்கே போய்விடுவார்கள். டிராட்மன் ஒரு யோசனை செய்தார். பந்தயங்களை வெள்ளிக்கிழமை மாலைக்கு மாற்றினார். வரும்படி கூடியது. ஆனால் சங்கத் தலைவருடன் கருத்து வேற்றுமை ஏற்பட்டு 1966-ல் விலகினார்.

பிறகு ஜெர்மனியில் இரண்டு சங்கங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கும் பெரிய வெற்றி கிட்டவில்லை. புகழ் வேறு, பிழைப்பு வேறு என்று காலம் அவருக்குக் காட்டியது.

அப்போது ஒரு புதிய வழி திறந்தது. கால்பந்து வளராத நாடுகளுக்கு ஜெர்மனி பயிற்சியாளர்களை அனுப்பி வந்தது. டிராட்மன் 1972-ல் பர்மா தேசத்துக்குப் புறப்பட்டார்.

ரங்கூனில் இரண்டு ஆண்டுகள் இருந்தார். அந்த 1972-ல் மியூனிக் ஒலிம்பிக் போட்டியில் பர்மா கால்பந்து அணி ஆடியது. ரஷியாவிடமும் மெக்சிகோவிடமும் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. சூடானை 2-0 என்று வென்றது.

அடுத்து டான்சானியா, லைபீரியா, பாகிஸ்தான், ஏமன் என்று நாடு நாடாகப் போனார். 1988 வரை இந்தப் பணி நீடித்தது. இளம் வயதில் துப்பாக்கியோடு அயல் நாடுகளுக்குப் போனவர், இப்போது பந்தோடு போனார். பல நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார்.

இறுதி நாட்கள்

ஓய்வு பெற்றபின் ஸ்பெயின் நாட்டுக் கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றில் குடியேறினார். 2004-ல் இங்கிலாந்து அரசு அவருக்கு ஓ.பி.இ. பட்டம் அளித்துக் கவுரவித்தது. கால்பந்தின் மூலம் இரண்டு நாடுகளுக்கும் இடையே நட்பை வளர்த்ததற்காகக் கொடுத்த பட்டம் அது.

2013 ஜூலை 19-ந் தேதி டிராட்மன் காலமானார். வயது 89. ஜெர்மனியும் இங்கிலாந்தும் சேர்ந்து துக்கம் கொண்டாடின. 2018-ல் அவருடைய வாழ்க்கை திரைப்படமாகவும் வந்தது.

முறிந்த கழுத்தோடு கோலைக் காத்த 17 நிமிடத்தைத்தான் உலகம் பெரிதாகப் பேசுகிறது. ஆனால் வேலி ஓரத்தில் சுடாமல் டீ கொடுத்த சிப்பாய், முதல் நாள் கை நீட்டிய வெஸ்ட்வுட், பெற்றோரைப் பறிகொடுத்தும் பேனா எடுத்த ஆல்ட்மன் ஆகிய மூவரும் இல்லாவிட்டால் அந்த 17 நிமிடமே இல்லை. அவர்கள் காட்டிய பெருந்தன்மைக்கு, டிராட்மன் தம் ஆட்டத்தாலும் வாழ்க்கையாலும் கடன் தீர்த்தார்.